படம் திருத்த எவ்வளவு செலவழிக்க வேண்டும்?

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் படம் திருத்தும் மென்பொருளின் தேவை பெரும்பாலும் ஒரு சாவோடுதான் தெரியவரும். செத்தவீட்டன்றே சந்தியில் கட்டக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வேண்டும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குள் கல்வெட்டு என்ற நினைவு மலர் அச்சாகி வந்துவிட வேண்டும். இரண்டுக்கும் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படம் தேவை. வீட்டில் தேடினால் அகப்படுவது பழைய அடையாள அட்டைப் படம், அல்லது யாரோ ஒருவரின் கலியாணத்தில் பின்வரிசையில் நின்ற குழுப்படம். "தம்பி, ஐயாவின்ரை முகத்தை மட்டும் வடிவா எடுத்துத் தாரும்" என்ற வேண்டுகோளோடு அது ஸ்ரூடியோவுக்குப் போகிறது.

வலிகாமம் வடக்கிலுள்ள அளவெட்டியில் இந்தத் தேடல் இன்னும் கடினம். அப்பகுதியின் பல கிராமங்கள் போரால் 1990இல் இடம்பெயர்ந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. கையில் எடுத்துப் போனவை காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை. அல்பங்கள் அலுமாரியோடு நின்றுவிட்டன. மழையில் நனைந்து, பூஞ்சணம் பிடித்து, மடிப்பு விழுந்து எஞ்சியவைதான் இன்று பல வீடுகளில் இருக்கும் படங்கள். மிச்சம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள உறவினரின் அல்பங்களில் இருக்கிறது. அது வட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது.

ஆகவே படம் திருத்தும் மென்பொருள் எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் பட்டியல்கள் இங்கே பாதிதான் உதவும். அந்தப் பட்டியல்களை எழுதியவர் மனத்தில் இருப்பது புதிய கமராவும் வேகமான கணினியும் மாதாமாதம் டொலரில் கட்டக்கூடிய கடனட்டையும். அளவெட்டியில் ஒரு சின்ன ஸ்ரூடியோவிலோ வீட்டிலோ செய்ய வேண்டிய வேலை வேறு. கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாப் படங்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டும். பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழில் பிள்ளையின் படத்தைப் பின்னணி இல்லாமல் வெட்டிப் போட வேண்டும். பழைய முகமொன்றை மீட்க வேண்டும். இவற்றுக்கு எவ்வளவு செலவழிப்பது நியாயம் என்பதுதான் கேள்வி.

முதலில் போட்டோஷொப். தோமஸ் நோல், ஜோன் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய இந்த மென்பொருளை அடோபி நிறுவனம் 1990 பெப்ரவரியில் மக்கின்டோஷ் கணினிகளுக்கு வெளியிட்டது. அதன்பின் அந்தப் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. எதில் திருத்தினாலும் "போட்டோஷொப் பண்ணினது" என்றுதான் சனம் சொல்கிறது. 2012இல் வந்த சீஎஸ்6 பதிப்புவரை ஒருமுறை காசு கொடுத்தால் பெட்டி கைக்கு வந்துவிடும். 2013 மே மாதம் அடோபி அந்த வழியை மூடியது. இனிச் சந்தாதான் என்றது.

போட்டோஷொப் மட்டும் வேண்டுமென்றால் அமெரிக்க விலைப்படி மாதம் 22.99 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஏறக்குறைய 6,900 ரூபாய், வருடத்துக்கு 80,000 ரூபாயைத் தாண்டும். போட்டோஷொப்பையும் லைட்ரூமையும் சேர்த்து 9.99 டொலருக்குக் கொடுத்துவந்த மலிவுத் திட்டம் 2025 ஜனவரியோடு புதியவர்களுக்கு மூடப்பட்டது. இப்போது அதன் இடத்தில் இருப்பது 19.99 டொலர்த் திட்டம்.

இலங்கைக்காரருக்கு இதில் இன்னொரு பொறி உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ஆனது. 9.99 டொலர் சந்தா வைத்திருந்த ஒருவருக்கு 2,000 ரூபாய்ச் செலவு இரண்டே மாதத்தில் 3,600 ரூபாயானது. அடோபி ஒரு சதமும் கூட்டவில்லை, ஆனாலும் விலை ஏறிவிட்டது. உழைப்பு ரூபாயிலும் சந்தா டொலரிலும் இருக்கும் வரைக்கும் இந்த ஆபத்து நீங்காது. இடையில் நிறுத்தலாம் என்றால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மாதாமாதம் கட்டினாலும் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கானது. முன்கூட்டி விலகினால் மிச்ச மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இதைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபிமீது வழக்கே தொடுத்தது.

அடோபிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவருக்கு எலிமென்ற்ஸ் என்ற சிறிய பதிப்பு இருக்கிறது. 100 டொலர் அளவில் மூன்று வருட உரிமம். முப்பத்தாறு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 850 ரூபாய்க்குள் அடங்கும். முன்பு அதுவும் ஒருமுறை வாங்கினால் என்றைக்கும் உரியதாக இருந்தது. 2025 பதிப்போடு அதற்கும் காலக்கெடு வைத்துவிட்டார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஊரில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கிராக் அடிச்சுத் தாறம்." யாழ்ப்பாணத்தில் போட்டோஷொப் பரவியதே இந்த வழியால்தான் என்று சொன்னால் கோபிக்க ஆளில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது என்பது பலருக்கும் தெரியும், ஒருவரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. 2018 தொடக்கம் உலகெங்கும் பரவிய ஸ்டொப் என்ற கப்பம் கேட்கும் வைரஸ் குடும்பம் பெரும்பாலும் கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்துதான் வந்தது. அது கணினியில் புகுந்ததும் படங்களையும் ஆவணங்களையும் பூட்டிவிட்டு, திறக்கும் சாவிக்கு நூற்றுக்கணக்கான டொலர் கேட்கும். 2019 ஓகஸ்டுக்கு முந்திய வகைகள் பலவற்றுக்கு இலவச மீட்புக் கருவி வந்தது. அதற்குப் பிந்தியவற்றில் பூட்டப்பட்ட படங்களைப் பெரும்பாலும் மீட்க முடியாது. கலியாணப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும் ஸ்ரூடியோக் கணினியில், ஓசியில் கிடைத்த போட்டோஷொப்புக்காக அந்த ஆபத்தை ஏற்பது மூடத்தனம்.

அப்படியென்றால் காசும் இல்லாமல் களவும் இல்லாமல் என்ன வழி? நிறையவே இருக்கிறது.

மூத்தது கிம்ப். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீற்றர் மட்டிஸும் 1995இல் தொடங்கியது. இன்றுவரை தன்னார்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். எவரும் இலவசமாகத் தரவிறக்கலாம். கடையில் வைத்துத் தொழிலுக்கும் பாவிக்கலாம். அதன் குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. 2018இல் 2.10 வந்தபின் அடுத்த பெரிய பதிப்பான 3.0 வர 2025 மார்ச் ஆனது. அதுவரைக்கும் ஒரு வடிகட்டியைப் போட்டால் அது படத்தோடு ஒட்டிவிடும், பிறகு திரும்பிப்போய் மாற்ற முடியாது. 3.0இல்தான் அந்த வசதி வந்தது. ஒரு சாதாரண வட்டம் வரைய அதற்கென்று கருவி இல்லாமல், தெரிவுசெய்து கோடிழுக்க வேண்டியிருப்பதைப் பார்த்து வெறுத்துப்போய்விட்டவர்கள் பலர். போட்டோஷொப்பில் பத்து வருடம் கை பழகியவருக்கு முதல் கிழமை எரிச்சலாகத்தான் இருக்கும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அந்த எரிச்சல் இராது.

கிம்ப் தன் பெறுமதியைக் காட்டுவது பழைய படத்தில். ஆனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை வென்றோ தோற்றோ போய்விடுகிறது, ஸ்கானரில். கல்வெட்டில் ஏ4 பக்கம் முழுவதும் படம் வர வேண்டுமானால் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2,480 க்கு 3,508 புள்ளிகள் வேண்டும். 35 க்கு 45 மில்லிமீற்றர் அளவான பாஸ்போர்ட் படத்தை 300 புள்ளியில் ஸ்கான் செய்தால் கிடைப்பது 413 க்கு 531. அதைப் பெருப்பித்தால் சதுரம் சதுரமாகத்தான் தெரியும். அதே படத்தை 1,200 புள்ளியில் ஸ்கான் செய்தால் 1,654 க்கு 2,126 வரும். ஐந்தரை அங்குல அகலத்துக்கு அச்சிடப் போதும். ஸ்கானர் மென்பொருளில் ஒரு பெட்டியில் எண்ணை மாற்றுவதுதான் இதற்கான செலவு.

வெளிநாட்டிலிருந்து வரும் படத்திலும் இதே கதை. வட்ஸ்அப் வழமையாக அனுப்பும் படத்தின் நீளப்பக்கம் 1,600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். 2023 ஓகஸ்டில் எச்டி தெரிவு வந்தது, அதுவும் ஓரளவு சுருக்கும். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் ஒரு புள்ளிகூடக் குறையாது. ரொறன்ரோவில் இருக்கும் மாமிக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாத தெளிவு மூலத்திலேயே வந்து சேரும்.

இனி அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பழைய பாடசாலை அட்டை போன்றவற்றிலிருந்து எடுத்த படம். முகத்துக்குக் குறுக்கே ஊதா முத்திரை. ஓரமெல்லாம் மஞ்சட் கறை. படம் கறுப்பு வெள்ளைதானே என்று கறுப்பு வெள்ளையில் ஸ்கான் செய்வதுதான் பலரும் விடும் பிழை. நிறத்தில் ஸ்கான் செய்ய வேண்டும். பிறகு கிம்ப்பில் கலர்ஸ் பட்டியலுக்குள் கொம்போனென்ற்ஸ், அதற்குள் டீகொம்போஸ். படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரியும். மஞ்சட் கறை நீலத்தில் கருமையாகத் தெரியும், சிவப்பில் ஏறக்குறைய மறைந்துவிடும். நீல மையோ ஊதா மையோ நீலப் பிரிவில் வெளுத்துவிடும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, முகம் ஆகச் சுத்தமாகத் தெரியும் பிரிவை எடுத்து வேலையைத் தொடங்கினால் மணித்தியாலக் கணக்கில் செய்ய வேண்டிய துடைப்பு வேலை சில நிமிடங்களில் முடியும். முத்திரையும் கறையும் வேறுவேறு இடங்களில் இருந்தால் ஒரு பிரிவிலிருந்து கன்னத்தையும் இன்னொன்றிலிருந்து நெற்றியையும் எடுத்து ஒட்டலாம்.

மிஞ்சுகிற கறைப் புள்ளிகளுக்கு ஹீல் கருவி. கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சுத்தமான தோலில் ஒரு கிளிக். பிறகு புள்ளிமேல் ஒரு கிளிக். தூரிகை புள்ளியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். கண் விளிம்பிலும் உதட்டோரத்திலும் அந்தக் கருவி நிறங்களைக் கலக்கிவிடும், அங்கே குளோன் கருவியை மென்மையாகப் பாவிக்க வேண்டும். முடிந்ததும் கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சீஎஃப் கோப்பாக ஒன்று வைத்துக்கொண்டு, அச்சகத்துக்கு வேறொன்றை ஏற்றுமதி செய்வது நல்லது. ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்திச் சேமித்து, மறுநாளும் திறந்து திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தரமும் படம் கொஞ்சம் கெடும்.

கிம்ப்பை நிறுவ இடமில்லாதவருக்கு, அல்லது வாடிக்கையாளர் கொண்டுவந்த போட்டோஷொப்பின் பீஎஸ்டி கோப்பை ஒருமுறை திறந்து பெயரை மட்டும் மாற்ற வேண்டியவருக்கு போட்டோபியா இருக்கிறது. உக்ரைனில் பிறந்து செக் நாட்டில் வாழும் இவான் குட்ஸ்கிர் 2013இல் தொடங்கி, பெரும்பாலும் தனியொருவராகவே வளர்த்தெடுத்தது. இணைய உலாவிக்குள்ளேயே ஓடும். பார்க்கப் போட்டோஷொப் போல இருக்கும். பக்கத்தில் விளம்பரம் வரும், அதுதான் விலை. இதில் பலர் கவனிக்காத ஒன்று: படம் எந்தச் சேர்வருக்கும் போவதில்லை, வேலை முழுவதும் நம் கணினியிலேயே நடக்கிறது. பக்கம் ஒருமுறை திறந்துவிட்டால் இணையம் அறுந்தாலும் வேலை நிற்காது. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோகும் ஊரில் இது சின்ன விடயமல்ல.

மூன்றாவது அஃபினிட்டி. இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் 2015இல் வெளியிட்ட இந்த மென்பொருள், சந்தா இல்லாமல் ஒருமுறை விலை கொடுத்தால் போதும் என்பதற்காகவே உலகெங்கும் ஆட்களைச் சேர்த்தது. 2024 மார்ச்சில் இணைய வடிவமைப்பு நிறுவனமான கன்வா அதை வாங்கியது. 2025 ஒக்டோபர் 30ஆம் திகதி அதை முழுக்க இலவசமாக்கியது. கன்வாக் கணக்கொன்று வேண்டும், செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு மட்டும் சந்தா. தரத்தைப் பார்த்தால் இலவசமாகக் கிடைப்பவற்றில் இதுவே போட்டோஷொப்புக்கு ஆகக் கிட்ட நிற்கிறது. பிற்காலத்தில் அந்த நிறுவனம் மனம் மாறாதா என்று கேட்பவர்களுக்கு உறுதியான பதில் ஒன்றும் கிடையாது. கிம்ப்பின் மூலநிரல் பொதுவில் இருப்பதால் அந்தப் பயம் அங்கே இல்லை.

எதைத் தரவிறக்கினாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. எழுத்துக் கருவியைத் திறந்து 'கொ' என்றும் 'ஸ்ரீ' என்றும் யூனிகோட்டில் அடித்துப் பார்க்க வேண்டும். கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நின்றால் சரி. ககரம் தனியே, கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே என்று வந்தால் அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தை அடுக்கத் தெரியாது. பழைய போட்டோஷொப்புகள் இப்படித்தான் இருந்தன. சீஎஸ்6க்குப் பிறகு அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துத் தெரிவைப் போட்டால் சரியாகும், ஆனால் அதைத் தேடிப் போட்டவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்து அச்சகங்கள் இன்றும் பாமினி எழுத்துருவை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாமினியில் ஒவ்வொரு வடிவமும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது. அதை வேறு கணினிக்கு அனுப்பி அங்கே எழுத்துரு இல்லையென்றால் மட்டும் அந்தியேட்டி அழைப்பிதழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். கிம்ப் யூனிகோட் தமிழை ஒழுங்காக அடுக்கும். கோடுகளும் எழுத்தும் நிறைந்த அழைப்பிதழ், பதாகை வேலைகளுக்கு இங்க்ஸ்கேப் இன்னும் வசதி, அதுவும் இலவசம்.

அச்சகத்தோடு தொடர்புடைய இன்னொன்று: கிம்ப் சீஎம்வைகே என்ற அச்சு நிறமுறையில் நேரடியாக வேலை செய்யாது. அச்சில் நிறம் எப்படி வரும் என்று ஒத்திகை பார்க்கலாம், சில கோப்பு வகைகளில் அந்த முறையில் ஏற்றுமதியும் செய்யலாம். நிறத்தில் கல்வெட்டு அடிக்கும் அச்சகம் சீஎம்வைகேதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அஃபினிட்டிக்குப் போவது வசதி.

கைத்தொலைபேசியில் எடுத்துக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கும் படங்களுக்கு இவ்வளவு ஆரவாரம் தேவையில்லை. 2012இல் கூகுள் வாங்கிய ஸ்னாப்சீட் போதும். இலவசம், விளம்பரமில்லை, இணையமும் வேண்டாம். நாதஸ்வரக்காரரின் முகம் நிழலிலும் பின்னால் கோபுரம் வெயிலிலும் நிற்கும் திருவிழாப் படத்தில், முகத்தின்மேல் ஒரு விரல் வைத்து அந்த இடத்தை மட்டும் வெளிச்சமாக்கும் செலக்டிவ் கருவி ஒன்றுக்காகவே அதை வைத்திருக்கலாம். ஒரே தரத்தில் ஐந்நூறு படங்களைச் சிறிதாக்க வேண்டுமென்றால் இர்ஃபான்வியூ. 1996 முதல் இருக்கிறது, பழைய கணினியிலும் பறக்கும். வீட்டுக்கு இலவசம், கடையில் பாவிப்பவர் ஒரு சிறு கட்டணம் செலுத்த வேண்டும்.

பிக்காசாவை இன்னும் நினைத்து ஏங்குபவர்கள் இருக்கிறார்கள். 2004இல் கூகுள் வாங்கி இலவசமாகக் கொடுத்தது. படங்களை முகம் முகமாகப் பிரித்துத் தந்தது. 2016இல் கைவிட்டது. அந்த வேலைக்கு இன்று டிஜிகாம் இருக்கிறது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் 15 ஜிகாபைட்டுக்கு மேல் காசு கேட்கிறது. டிஜிகாம் நம் வன்தட்டிலேயே முகங்களை அடையாளம் காணும். சாவீட்டுக்குப் படம் தேடும் நாளில் "பெரியப்பா" என்று அடித்தால் இருபது வருடப் படங்களிலிருந்து அவர் முகம் வந்து நிற்பது எவ்வளவு உதவி என்பதைத் தேடிக் களைத்தவர்கள் அறிவார்கள்.

இனி எல்லாரும் கேட்கும் விடயம்: செயற்கை நுண்ணறிவு. ஒரே அழுத்தலில் மங்கிய முகம் பளிச்சென்று வந்துவிடுகிறதே, ஏன் இந்தப் பாடு? 2021இல் சீனாவின் டென்சென்ற் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஜிஎஃப்பிகான் இலவசமாகவே கிடைக்கிறது. 2025 ஓகஸ்டில் கூகுளின் ஜெமினிக்கு வந்த புதிய படக்கருவியால் அடுத்த மாதமே இந்தியா முழுவதும் பெண்கள் பழைய சினிமாச் சேலைகளில் தோன்றினார்கள்; அதே கருவியில் தாத்தா பாட்டிகளின் படங்களும் புதிதாகின.

இவை படத்தைத் திருத்துவதில்லை, புதிதாக ஒன்றை வரைகின்றன. ஜிஎஃப்பிகான் பழகியது பிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்களில். மங்கிய இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அந்த முகங்களை வைத்து அது ஊகிக்கிறது. 2020 ஜூனில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட பல்ஸ் என்ற கருவியில் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரர் வெளியே வந்தார். உலகம் முழுவதும் அறிந்த முகத்துக்கே அந்த நிலை. அளவெட்டியில் தோட்டம் செய்த ஒரு கிழவரின் முகத்தை எந்தக் கருவி அறியும்? நெற்றியில் மூன்று குறியாகப் பூசிய திருநீறு சுருக்கமென்று நினைக்கப்பட்டு அழிந்துபோகலாம். கடுக்கன் காதோடு கரைந்துவிடலாம். அம்மைத் தழும்பு நிச்சயம் போகும். பேரப்பிள்ளைகள் "வடிவாயிருக்கு" என்பார்கள், மனைவிதான் சட்டத்துக்குள் இருப்பவர் யாரென்று கேட்பார்.

நிறமூட்டும் கருவிகளில் பிரச்சினை இன்னும் நுட்பமானது. அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். இவ்வூர்க் கவிஞர் மகாகவி உருத்திரமூர்த்தி 1971இல் மறைந்தார். அவர்கள் காலம் கறுப்பு வெள்ளைப் படங்களின் காலம். தவில்காரரின் தோளிலிருந்த சால்வைக் கரை பச்சையா அரக்கா என்பது படத்தில் இல்லை. கருவி ஒரு நிறத்தைப் போட்டுவிடும். அந்தப் படம் பத்துப் பேர் கைமாறியபின், போட்ட நிறமே உண்மையாகிவிடும். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு நிறமூட்டலாம், அதில் குற்றமில்லை. நினைவு மலரிலும் நூலிலும் போடுவதானால் கறுப்பு வெள்ளையே நேர்மை, அல்லது நிறம் பின்னர் ஊட்டியது என்று படத்தின் கீழ் ஒரு வரி எழுத வேண்டும்.

செயற்கை நுண்ணறிவை முழுக்க ஒதுக்கத் தேவையில்லை. பின்னணியை வெட்டுவதிலும், கலியாண மண்டபப் படத்தில் வந்து விழுந்த பிளாஸ்ரிக் கதிரையை நீக்குவதிலும் அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. இணையமின்றி இலவசமாக ஓடும் அப்ஸ்கேல் என்ற மென்பொருளால் சிறிய படத்தைப் பெரிதாக்கலாம், கிராபிக்ஸ் அட்டை ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். முகத்தில் மட்டும் அதன் கையை விடக்கூடாது. இலவச ஆப்களில் பிள்ளைகளின் படத்தைப் போடுகிறவர்கள், அந்தப் படம் போய்ச் சேருவது எந்த நாட்டுச் சேர்வர் என்று ஒருகணம் யோசிப்பதும் நல்லது.

ஒரு வேலைக்கு மட்டும் வீட்டு மென்பொருள் உதவாது. கடவுச்சீட்டுக்கான படத்தை 2015 முதல் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். படத்தை ஸ்ரூடியோவே திணைக்களத்துக்கு இணையத்தில் அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டைக் கையில் தரும். தேசிய அடையாள அட்டைக்கும் பதிவுசெய்த ஸ்ரூடியோதான்.

கணினியைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய போட்டோஷொப் குறைந்தது 8 ஜிகாபைட் நினைவகம் கேட்கிறது. பல வீடுகளில் இருக்கும் பழைய கணினியில் 4 இருந்தால் அதிகம். கிம்ப் 2.10 விண்டோஸ் 7இலும் ஓடும், 3.0க்கு விண்டோஸ் 10 வேண்டும். அந்த விண்டோஸ் 10க்கே 2025 ஒக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. பழைய இயந்திரத்தை எறியாமல் லினக்ஸ் மின்ற் போட்டால் இங்கே சொன்ன கிம்ப், இங்க்ஸ்கேப், டிஜிகாம் எல்லாம் அதிலும் ஓடும்.

பிறகு மின்சாரம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால வெட்டைக் கண்ட நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். கிம்ப் தானாகக் குறித்த இடைவெளியில் சேமிப்பதில்லை. இரண்டு மணித்தியால வேலை குரங்கோடு போகாமலிருக்க, யூபிஎஸ் இல்லாதவர்கள் கொன்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

மொத்தத்தில் அளவெட்டியில் ஒரு வீட்டுக்கு மென்பொருளுக்கென்று ஒரு ரூபாயும் செலவழிக்கத் தேவையில்லை: கைத்தொலைபேசிக்கு ஸ்னாப்சீட், பழைய படத்துக்கு கிம்ப், அவசரத்துக்கு போட்டோபியா. ஸ்ரூடியோவுக்கு அவற்றோடு அஃபினிட்டி. வெளிநாட்டு நிறுவனங்களோடு பீஎஸ்டி கோப்பில் நாளாந்தம் வேலை பரிமாறித் தொழில் செய்பவர் மட்டும் அடோபிச் சந்தாவைக் கணக்கில் எடுக்கலாம், அந்தச் செலவை வாடிக்கையாளரின் டொலர்தான் கொடுக்கும். மிச்சப்படும் ஒரு வருடச் சந்தா, 80,000 ரூபாய், நல்லதொரு ஸ்கானரும் வெளியே வைத்துக்கொள்ளும் வன்தட்டு ஒன்றும் வாங்கப் போகட்டும்.

அந்த ஸ்கானர் வீட்டுக்கு வந்தால் சாவீட்டுக்குக் காத்திராமல் இந்தக் கிழமையே அல்பத்தை எடுங்கள். படத்தில் நிற்பவர்கள் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். ஊரோடும் கோயிலோடும் கலைஞர்களோடும் தொடர்புள்ள படங்கள் இருந்தால், திருத்தாத மூலப் பிரதியொன்றை நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்கும் கொடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி இலவசமாகத் திறந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.